எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணுதா? ஃபைல்களை வெளியே எடுக்கும் வழி

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் டிரைவ் கம்ப்யூட்டரில் மாட்டியபடியே 'டக்... டக்...' என்று அடித்துக்கொண்டிருந்தால், முதலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். 'சேஃப்லி ரிமூவ்' வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சத்தம் இல்லை, ஃபோல்டர் திறக்க மட்டும் ரொம்ப நேரமாகிறது என்றாலும் கழற்றி வைப்பதே நல்லது. மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

நம்ம கொங்குப் பக்கம் இந்தக் கையகலப் பெட்டிக்குள் ஊர்ப்பட்டது கிடக்கிறது. ஸ்டுடியோக்காரருக்கு ஒரு முகூர்த்த சீசனின் அத்தனை கல்யாணமும் அதில்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் பையர் அனுப்பிய டெக் பேக், பிரின்ட் டிசைன், மார்க்கர் ஃபைல். கோவையில் பம்ப்செட்டு, ஃபவுண்டரி டிராயிங். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரர்களுக்குப் பல வருஷத்து டாலிக் கணக்கு. எல்லோரும் அதை 'பேக்கப்' என்றுதான் சொல்வார்கள். லேப்டாப்பில் இடம் பத்தாமல் அசலை என்றைக்கோ அழித்திருப்பார்கள். கடைசியில் மிஞ்சி இருப்பது அந்த ஒரே பிரதிதான்.

"நேத்துப் பொழுதோட வரைக்கும் நல்லாத்தானுங்ணா ஓடுச்சு" என்றுதான் எல்லாரும் கொண்டுவருவார்கள். நேற்று நன்றாக ஓடியிருக்கலாம். ஆனால் பழுதாகத் தொடங்கிய டிரைவுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கும் தெம்பு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சித்திரை மாதத்தில் அடி தட்டிய கிணற்றில் குடிக்கிற தண்ணீரைத்தான் முதலில் சேந்துவோம். அதுபோல, மிச்சமிருக்கும் அந்தத் தெம்பு மொத்தத்தையும் காப்பி எடுக்க மட்டுமே செலவழிக்க வேண்டும். ஸ்கேன், ரிப்பேர், ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்ப்பது எல்லாம் காப்பி எடுத்த பிறகு, அந்தக் காப்பியின் மேல். கீழே சொல்வது முழுவதும் இந்த ஒரு வரிசையை மாற்றாமல் செய்வதைப் பற்றித்தான்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

விண்டோஸ் 'இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று கேட்கும். கேன்சல். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி வரும். அதுவும் கேன்சல். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று மூலையில் ஒன்று எட்டிப் பார்க்கும். அதையும் தொடக் கூடாது.

இவற்றில் எச்சாச் சேதம் செய்வது அந்த 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' ஓட்டும் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் செயலிதான். பக்கத்துக் கடைத் தம்பிகள் அதை மருந்துபோல ஓட்டிவிடுகிறார்கள். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை, ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் கவலையே இல்லை. படிக்க முடியாத பதிவுகளை அது வெட்டி எறியும், அநாதையான துண்டுகளை 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் ஃபோல்டரில் பெயரில்லாமல் குவிக்கும். இத்தனையையும் சாகக் கிடக்கிற அந்த டிஸ்கிலேயே எழுதும். நல்ல டிஸ்கில் கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் குழம்பினால் அதற்கு உபயோகம் உண்டு. பேட் செக்டார், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன துண்டு, விழுந்த டிஸ்கில் கிடையாது.

ஃபிரீசரில் வைத்து எடுப்பது பழைய வைத்தியம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். பிளாட்டர் என்னும் வட்டத் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. அதில் ஈரத்துக்கு எங்கே இடம்? இதே காரணத்தால் மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் கூடாது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீட்டில் பறக்கிற பஞ்சுத் தூசியில் ஒரு துணுக்கு போதும், ஹெட் போய்விடும். மேசையில் தட்டிப் பார்ப்பது, மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிப் பார்ப்பது இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

டிரைவ் தண்ணீரில் நனைந்துவிட்டது என்றால் கரண்டே கொடுக்கக் கூடாது. ஹேர் டிரையர், வெயில், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். காய்ந்தால் அழுக்கும் உப்பும் தட்டில் படிந்துவிடும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் மூடி டேட்டா ரெகவரி லேப்புக்கு எடுத்துப் போவதுதான் முறை.

சத்தம் என்ன சொல்கிறது

ஒரே ஒரு முறை, அமைதியான அறையில் மாட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். சீராகச் சுற்றும் சத்தம் மட்டும் வந்து, கம்ப்யூட்டரும் டிரைவின் அளவைச் சரியாகக் காட்டினால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் 'டக், டக்' என்றால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறது. சின்ன டிரைவிலிருந்து மெல்லிய 'பீப்' வந்து சுற்றாமல் நின்றால் மோட்டார் திருப்ப முடியாமல் திணறுகிறது. பெரும்பாலும் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். உராய்கிற சத்தம் கேட்டால் தட்டே கீறிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கரண்ட் பத்தாவிட்டாலும் டிரைவ் டக் டக் என்று அடிக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட், பழைய ஹப், நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் எல்லாம் அதையும் முழுதாகத் தராது. ஆகவே பின்பக்கப் போர்ட்டில், வேறு நல்ல கேபிளில், நேரடியாக ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். தனி அடாப்டரில் ஓடும் 3.5 இன்ச் டிரைவாக இருந்தால் அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறொரு அடாப்டர். அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. கடைசியில் சொல்லும் லேப் பகுதிக்குப் போங்கள். சாஃப்ட்வேர் எதுவும் அடிபட்ட ஹெட்டைச் சரி செய்யாது.

சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் போர்டோ கேபிளோ போயிருக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம். சில பெட்டிகளுக்குள் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற மாதிரி சாதாரண சாட்டா டிஸ்க்கும் அதற்கு முன்னால் ஒரு சின்ன யுஎஸ்பி போர்டும் இருக்கும். அந்தப் போர்டு மட்டும் போயிருந்தால் டிஸ்க்கை வெளியே எடுத்து நேராகச் சாட்டா கேபிளில் மாட்டலாம். ஆனால் டபிள்யூடி மை பாஸ்போர்ட் மாதிரியான பலவற்றில் யுஎஸ்பி சொருகும் இடமே டிஸ்கின் போர்டில் பற்றவைத்திருக்கும், சாட்டா முனையே இருக்காது. நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் உள்ளே எழுதப்படுவது என்கிரிப்ட் ஆகியே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடியே, இருக்கும். அந்த வகையில் 'அதே மாடல் போர்டை மாத்திடலாம்' என்று சொல்பவரிடம் டிரைவைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: 3 டிபிக்கு மேற்பட்ட சில பெட்டிகள் செக்டார் அளவையே மாற்றிக் காட்டுபவை. வெளியே எடுத்து மாட்டினால் பார்ட்டிஷன் எதுவும் தெரியாது. அதைப் பார்த்து டேட்டா போய்விட்டது என்று பயந்து ஃபார்மேட் அழுத்திவிடக் கூடாது.

உடம்பு நிலையைப் படிப்பது

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பட்டியலில் தானே எழுதி வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலி அதைக் காட்டும். சில யுஎஸ்பி போர்டுகள் இந்தத் தகவலை வெளியே விடாது. அப்படியானால் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பட்டியலில் பார்க்க வேண்டியவை நான்கு வரிகள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். சி6 என்பது கைவிடப்பட்டவை. இந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சி5 நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் டிரைவ் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது சி7. அது கூடினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, கேபிளிலோ இணைப்பிலோ இருக்கும்.

அந்தச் செயலி எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 64 என்றிருந்தால் நிஜத்தில் 100. செட்டிங்கில் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். பார்த்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு டிரைவைக் கழற்றிவிடுங்கள். முழு சர்ஃபேஸ் ஸ்கேன் ஓட்டி 'எத்தனை பேட் செக்டார்' என்று எண்ணுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த நேரத்தில் பாதி டிஸ்க்கைக் காப்பி எடுத்திருக்கலாம்.

மாட்டுவதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

பழைய டிரைவைவிடப் பெரிய, நல்ல டிரைவ் ஒன்று வேண்டும். 1 டிபி டிரைவுக்கு 2 டிபி வாங்குங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, அதில் இறக்கப்போகிறோம். பிறகு அதிலிருந்து பிரித்தெடுக்கிற ஃபைல்களுக்கும் இடம் வேண்டும். புது டிரைவை விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்து வையுங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, நடு ராத்திரியில் வேலை நின்று போகும்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு லினக்ஸ். அதை ஏற்றிய ஒரு பென் டிரைவ் வேண்டும். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, 'டிரை உபுண்டு' என்று பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். விண்டோஸ்தான் பழக்கம் என்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். விண்டோஸ் ஒரு டிஸ்க்கை மாட்டியவுடன் அதைப் படிக்கவும் எழுதவும் திருத்தவும் பறக்கும். பேட் செக்டார் வந்தால் அப்படியே உறைந்து நிற்கும். இந்த வேலைக்கு அது சரிப்படாது.

நேரம் வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் 1 டிபி படிக்க மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல். இது நல்ல டிஸ்க்குக்கு. பழுதானதற்கு நாள் கணக்கிலும் ஆகலாம். உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். சின்ன டிரைவ் என்றால் லேப்டாப் பேட்டரி தாங்கும். அடாப்டர் வைத்த பெரிய டிரைவுக்கு யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பல எக்ஸ்டர்னல் டிரைவ்களுக்குக் கம்பெனி குறித்திருக்கும் அறை வெப்ப வரம்பு 35 டிகிரி. கரூர், ஈரோட்டுப் பக்கம் ஏப்ரல் மாதப் பகலில் அது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். ராத்திரியில் தொடங்குங்கள், அல்லது விடியற்காலம் வெள்ளென. டிரைவைத் துணி மேல் வைக்காமல் வெறும் மேசையில் வைத்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். தொட்டால் கை சுடுகிற அளவுக்குப் போனால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

உயிர்நாடியான நாலு ஃபைல் இருந்தால்

இமேஜ் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. டிரைவ் இன்னும் திறக்கிறது, உங்களுக்கு நிஜமாகவே வேண்டியது ஒரு டாலி ஃபோல்டர் மட்டும்தான் என்றால்? அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்து முறைப்படி இமேஜ்தான் முதலில். ஆனால் வேண்டியது 1 ஜிபி, டிஸ்கில் இருப்பதோ 900 ஜிபி சினிமா என்னும்போது புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

விண்டோஸிலேயே எடுப்பதானால் இழுத்துப் போடும் காப்பியைவிட, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை நல்லது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. படிக்க முடியாத ஃபைல் வந்தால் அது இயல்பாகவே பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி இடைவெளி விட்டு முயலும். டிஸ்க் அதற்குள் செத்துவிடும். ஆர் என்ற ஆப்ஷனையும் டபிள்யூ என்ற ஆப்ஷனையும் 0 என்று வைத்தால், வராத ஃபைலைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடும். ஒரு ஃபோல்டரில் நின்று உறைந்தால் கேன்சல் செய்துவிட்டு இமேஜ் வேலைக்கு வந்துவிடுங்கள்.

டிடிரெஸ்க்யூ

இந்த வேலைக்கென்றே இருக்கும் இலவசச் செயலி க்னூ டிடிரெஸ்க்யூ. அதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் வாரிக்கொள்ளும். தடங்கல் வந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் குறித்து வைத்துவிட்டுத் தாண்டும். அந்தக் குறிப்புகள் இருக்கும் ஃபைலுக்கு மேப்ஃபைல் என்று பெயர். கரண்ட் போனாலும் டிரைவ் தொங்கினாலும், அடுத்த முறை அதே மேப்ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப்ஃபைல் இல்லாமல் இதை ஓட்டுவது வீண் வேலை.

உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue), முன்னால் ஒரு 'ஜி' இருக்கும். கட்டளையாகத் தட்டும்போது அந்த 'ஜி' கிடையாது. புதியவர்கள் பாதிப் பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். இன்டர்நெட் இணைப்போடு அதை முதலில் நிறுவிவிடுங்கள்.

அடுத்து நல்ல டிரைவை மட்டும் மாட்டுங்கள். ஃபைல் மேனேஜரில் அதைத் திறந்து உள்ளே 'மீட்பு' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, ரைட் கிளிக் செய்து 'ஓபன் இன் டெர்மினல்' கொடுங்கள். இனி உருவாகும் இமேஜ் இந்த ஃபோல்டருக்குள்தான் விழும், நீளமான பாதையெல்லாம் தட்ட வேண்டாம்.

இப்போதுதான் பழுதான டிரைவை மாட்ட வேண்டும். உபுண்டு அதைத் தானாகத் திறக்கப் பார்க்கும். 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் அந்த டிரைவைத் தேர்ந்து, அதன் பார்ட்டிஷனுக்குக் கீழே சதுரமான 'நிறுத்து' பொத்தான் தெரிந்தால் அதை அழுத்துங்கள். உபுண்டு அதன் மேல் வைத்த பிடி விலகிவிடும், டிரைவ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதே திரையில் டிரைவின் மாடல், அளவு, லினக்ஸ் வைத்த பெயர் மூன்றும் தெரியும். பெயர் எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) என்ற மாதிரி இருக்கும். பின்னால் எண் சேர்ந்தால் அது ஒரு பார்ட்டிஷன் மட்டும். நமக்கு வேண்டியது எண் இல்லாத முழு டிஸ்க்கின் பெயர்.

பழையது எது, புதியது எது என்று காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். இந்த இடத்தில் இரண்டும் மாறினால் பிறகு அழுது பயனில்லை. ஒரே கம்பெனியின் ஒரே அளவு டிரைவ் இரண்டு இருந்தால் சீரியல் நம்பரையே ஒப்பிடுங்கள்.

கட்டளையின் அமைப்பு இது: அட்மின் அனுமதிக்கான சூடோ, அடுத்து டிடிரெஸ்க்யூ, அடுத்து கழித்தல் குறியோடு சிறிய 'என்', அடுத்து பழைய டிஸ்க்கின் முழுப் பெயர், அடுத்து இமேஜ் ஃபைலுக்கு நீங்கள் வைக்கும் பெயர், கடைசியில் மேப்ஃபைலின் பெயர். முதலில் எங்கிருந்து, பிறகு எங்கே, அப்புறம் குறிப்பேடு. இந்த வரிசை எப்போதும் மாறாது. 'என்' என்பது கடினமான இடங்களைச் சுரண்டாதே என்ற உத்தரவு. முதல் சுற்றுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் திரையில் மீட்ட அளவு, வேகம், பிழைகள், மீதி நேரம் என்று எண்கள் ஓடும். வேகம் திடீரென்று விழுந்து சில நிமிடம் கழித்து மறுபடி ஏறுவது சகஜம். போய் வேறு வேலையைப் பாருங்கள். நிறுத்த வேண்டியிருந்தால் கன்ட்ரோல் சி.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று. சில நேரம் டிரைவ் நடுவில் தானாகத் துண்டித்துக்கொள்ளும். அப்போது டிடிரெஸ்க்யூ மீதி டிஸ்க் முழுவதையும் சில நொடிகளில் 'பிழை, பிழை' என்று தாண்டிக் கடைசிக்கு ஓடிவிடும். பார்ப்பவருக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்கும். டிரைவைக் கழற்றி, ஆறவிட்டு, மறுபடி மாட்டுங்கள். இப்போது எஸ்டிபி என்றிருந்த பெயர் எஸ்டிடி என்று மாறியிருக்கலாம், டிஸ்க்ஸ் செயலியில் பார்த்துவிட்டுத்தான் கட்டளையைத் தட்ட வேண்டும். கூடவே பெரிய 'ஏ' ஆப்ஷனைச் சேர்த்தால் அப்படித் தவறாகத் தாண்டிய இடங்களைப் புதிதாக முயன்று பார்க்கும்.

முதல் சுற்று முடிந்ததும் சதவீதத்தைப் பாருங்கள். 99.99 என்று வந்தால் சந்தோஷம்தான், ஆனால் 1 டிபியில் விட்டுப்போன 0.01 சதவீதம் என்பது 100 எம்பி. கல்யாண ஆல்பத்தில் அது இருபது முப்பது படம். இரண்டாம் சுற்றில் 'என்' வேண்டாம், அதற்குப் பதில் சிறிய 'டி' (d), அதோடு 'ஆர்3' (r3). மூன்று முறை திரும்பத் திரும்ப முயலும் என்று அர்த்தம். சத்தம் மாறினாலோ டிரைவ் சூடேறினாலோ இந்தச் சுற்றை விட்டுவிடுவதே புத்தி. வேண்டியது கையில் வந்துவிட்டதா என்று இமேஜில் பார்த்துவிட்டு, அப்புறம் மீதிக்கு மல்லுக்கட்டலாம்.

விண்டோஸை விட்டு வரவே மாட்டேன் என்பவர்களுக்கு டிஎம்டிஇ என்ற செயலியிலும் இமேஜ் எடுக்கும் வசதி உண்டு. லேசான பழுதுக்கு அது போதும். மோசமான டிஸ்க்குக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இமேஜிலிருந்து ஃபைல்களை எடுப்பது

பழைய டிரைவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஆராயலாம், நொந்து போக அங்கே மோட்டாரும் இல்லை, ஹெட்டும் இல்லை. முடிந்தால் இமேஜுக்கும் இன்னொரு காப்பி.

முதல் முயற்சி சுலபமானது. உபுண்டுவில் இமேஜ் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் இமேஜ் மவுன்ட்டர்' மூலம் திறந்து பாருங்கள். அது படிக்க மட்டுமே திறக்கும், எழுதாது. பல நேரம் எல்லா ஃபோல்டரும் அழகாக வந்து நிற்கும். வேண்டியதைக் காப்பி செய்துகொள்ள வேண்டியதுதான். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டுப் போட்ட டிரைவ் என்றால் அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க ரெகவரி கீயோ இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது.

திறக்கவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தின் அட்டவணை அடிபட்டிருக்கும். விண்டோஸில் டிஎம்டிஇ, அல்லது காசு கொடுத்து வாங்கும் ஆர்-ஸ்டுடியோ. இரண்டும் இமேஜை டிஸ்க் மாதிரியே திறந்து, மிச்சமிருக்கும் பதிவுகளை வைத்துப் பழைய ஃபோல்டர் மரத்தைக் கட்டிக் காட்டும். டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில் ஒரு தடவைக்கு ஒரே ஃபோல்டரிலிருந்து 4000 ஃபைல்வரை எடுக்கலாம். பெரும்பாலான வீட்டு வேலைக்கு அது தாராளம்.

அதுவும் கைகொடுக்காதபோதுதான் ஃபோட்டோரெக். அட்டவணையைப் பார்க்காமல், ஃபைல்களின் உள்ளடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை மட்டும் வைத்துத் தோண்டி எடுக்கும். பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் வராது. வெறும் எண்களில் ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவியும். எந்தப் படம் சென்னிமலைக் கல்யாணம், எது காங்கேயத்துச் சீர் என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஜேபெக் படங்களுக்கு அருமையாக வேலை செய்யும். பெரிய வீடியோவுக்கு அவ்வளவாக இல்லை, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைலை அதனால் கோக்க முடியாது. டாலிக்கோ சுத்தமாக ஆகாது. கம்பெனியின் கணக்கு எண் பெயர் கொண்ட ஃபோல்டருக்குள் பல ஃபைல்களாகப் பிரிந்து கிடக்கும். பெயரும் இடமும் போனால் டாலி அதை அடையாளம் காணாது. டாலி டேட்டா வேண்டுமென்றால் ஃபோல்டர் மரத்தோடு எடுக்கும் செயலியில்தான் மெனக்கெட வேண்டும்.

வந்ததைச் சரிபார்ப்பது

ஃபைலின் பெயரும் அளவும் சரியாக இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். டிடிரெஸ்க்யூவால் படிக்க முடியாத இடங்கள் இமேஜில் வெறுமையாகத்தான் இருக்கும். படம் பாதிவரை நன்றாக வந்து கீழே சாம்பல் பட்டையாக நிற்கும். எக்செல் திறக்க மறுக்கும். முதலில் முக்கியமானவற்றைத் திறந்து பாருங்கள். எதெது அடிபட்டது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் டிடிரெஸ்க்யூவிலேயே 'ஃபில் மோட்' என்று ஒரு வசதி இருக்கிறது. இமேஜின் ஒரு காப்பியில், படிக்காத இடங்களில் மட்டும் நீங்கள் சொல்லும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பும். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று தேடினால் சேதப் பட்டியல் கையில்.

வீடியோ ஃபைல் அளவு சரியாக இருந்தும் ஓடவில்லையா? எம்பி4 ஃபைலில் 'மூவ்' என்ற குறியீட்டுப் பகுதி போயிருக்கலாம். அன்ட்ரங்க் என்ற இலவசச் செயலிக்கு அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததைச் சீர்செய்து தரும். எல்லாமே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் முகூர்த்த நேரத்துக் கிளிப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதை முயலாமல் விடக் கூடாது.

லேப்புக்குக் கொண்டுபோவதானால்

டக் டக், பீப், உராய்வு, தண்ணீர், கீழே விழுந்தது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை: இவையெல்லாம் லேப் கேஸ். ஹெட் மாற்ற வேண்டிய டிரைவுக்குத் தூசியில்லாத சுத்த அறையும், அதே வகை டிரைவிலிருந்து எடுத்த மாற்று ஹெட்டும், பிசி-3000 மாதிரியான கருவியும் வேண்டும். போர்டில் 'டேட்டா ரெகவரி' என்று எழுதியிருக்கும் எல்லாக் கடையிலும் இவை இருக்காது. சில கடைகள் வாங்கி வைத்துக்கொண்டு வெளியூர் லேப்புக்கு அனுப்பிவிடும். அதில் தப்பில்லை, முன்னமே சொல்லிவிட்டால்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். "டிரைவை இங்கயே பார்க்கறீங்களா, வெளிய அனுப்பறீங்களாங்க? பார்த்துட்டு ரேட் சொல்வீங்களா, முன்னாடியேவா? டேட்டா வரலைன்னா எவ்வளவு ஆகும்? திறக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்டக் கேப்பீங்களா?" பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பரிசோதனைக்கு முன்பே 'நூத்துக்கு நூறு எடுத்துத் தர்றோம்' என்று அடித்துச் சொல்லும் இடத்தில் நான் கொடுக்க மாட்டேன். இதுவரை அதில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செக்டிஸ்க் ஓட்டியது, ஃபார்மேட் ஆனது, யாரோ மூடியைத் திறந்தது எல்லாமே அவர்கள் வேலையை மாற்றும். எந்தப் ஃபோல்டர் முக்கியம் என்ற பட்டியலும் கொடுங்கள்.

லாரி பார்சலில் போடாதீர்கள். கோவைக்கோ சென்னைக்கோ போகிற ஒறம்பரை யாராவது இருந்தால் பபிள் ராப்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பழைய டிரைவ்

ஃபைலெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் பழைய டிரைவை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். எதையோ விட்டுவிட்டோம் என்பது அடுத்த நோம்பிக்குப் படம் தேடும்போதுதான் தெரியவரும். வாரன்டி பாக்கி இருந்தால் கம்பெனி வேறு டிரைவ் தரும், ஆனால் உங்கள் பழையது திரும்பி வராது, உள்ளே இருக்கும் டேட்டாவும் அதோடு போகும். கணக்கு வழக்கு இருந்த டிரைவ் என்றால் வாரன்டியை விட்டுக்கொடுப்பதே மேல் என்பேன். ஃபார்மேட் செய்து செகண்ட் ஹேண்டில் தள்ளுவதோ பையனுக்கு சினிமா போடக் கொடுப்பதோ வேண்டாம். பேட் செக்டார் விழுந்தது மறுபடியும் விழும். மூடியைக் கழற்றித் தட்டில் நாலு கீறல் போட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே இரண்டு காந்தம் இருக்கும், நல்ல பிடிமானம் உள்ளவை. அதை எடுத்து வைத்துக்கொண்டால் ஸ்க்ரூ பொறுக்க உதவும்.